ஆட்டுக்குப் பின்னால் யார்?

சின்ன வயதில் ஆடு புலி ஆட்டம் ஆடியவர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் எதைக் கேட்டு வாங்குவீர்கள்? ஆட்டையா, புலியையா?

நான் எப்போதும் புலி. கோடை விடுமுறையில் திண்ணையில் கரிக்கோடு போட்டவுடனே, "நான்தான் புலி" என்று முதலில் கத்திவிடுவேன். என் அக்கா மறுபேச்சு பேசாமல் புளியங்கொட்டைகளை எண்ணி எடுத்துக்கொள்வாள். பெண் பிள்ளை, பெரியவள், விட்டுக்கொடுக்க வேண்டியவள். அதனால் அவள் ஆடு. பாதி நாள் அவள்தான் ஜெயிப்பாள் என்பது வேறு விஷயம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

நாற்பது வருடம் கழித்து அந்த ஆட்டத்தை மறுபடி ஆடினேன். இடம், மரக்காணம் உப்பளம்.

போன வருடம் மே மாதம். பறவைகளைப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் கழுவெளி ஏரிக்குப் போகலாம் என்று அழைத்துப் போயிருந்தார். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிவிட்டார். எனக்குப் பறவை தெரியாது, வெயிலும் தாங்காது. உப்பளத்து வரப்பு ஓரமாக ஒரு கீற்றுக் கொட்டகை தெரிந்தது. ஓடிப்போய் ஒதுங்கினேன்.

உப்பளத்து வெயிலைச் சாதாரண வெயில் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே ஒரு சூரியன், கீழே வெள்ளை வெளேரென்ற உப்பில் பட்டுத் திரும்புகிற இன்னொரு சூரியன். கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்க்க முடியும். அந்த வெளிச்சத்தில் வருடக்கணக்காக வேலை செய்தவர்களின் கண்ணைப் பார்த்தால், நாம் ஒரு கிலோ உப்புக்குக் கொடுக்கிற காசு நமக்கே கூச்சமாக இருக்கும்.

கொட்டகைக்குள் இரண்டு பேர். ஒரு வயதான அம்மா, அறுபத்தைந்து இருக்கலாம். எதிரே அவருடைய கொழுந்தனார், பத்து வயது இளையவர். விடிவதற்கு முன்னாலேயே பாத்தியில் இறங்கி உப்பு வாரி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பழைய பலகை. அதில் கரிக்கோடு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கூரை மாதிரி விரிந்து இறங்கும் நாலு கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டும் மூன்று கோடுகள். அந்த மூன்றின் முனைகளையும் இரண்டு பக்கமும் இணைத்த ஒரு சதுரம். அடியில் ஒரு கோடு. எண்ணிப் பாருங்கள், மொத்தம் 23 சந்திப்புகள். மூன்று புலி, பதினைந்து ஆடு. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில் மண்டபங்களின் கல் தரையில் இந்தப் படத்தை இப்போதும் பார்க்கலாம். யாரோ சாமி கும்பிட வந்த இடத்தில் உட்கார்ந்து உளியால் கொத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இங்கே கரித்துண்டுதான் புலி. ஆடு? உப்புக்கல்! பதினைந்து உப்புக்கல். புலி ஆட்டை வெட்டியதும் கொழுந்தனார் அந்தக் கல்லைத் தன் கூழ்த் தூக்கில் போட்டுக் கலக்கிக்கொண்டார். மூன்றாவது கல் விழுந்ததும் அந்த அம்மா, "போதும்பா, கரிக்கப் போவுது" என்றார். அடுத்த பத்து நிமிடத்தில் மூன்று கரித்துண்டுகளும் நகர வழியில்லாமல் நின்றன.

"அண்ணிகிட்ட ஜெயிக்க முடியாது சார். நீங்க ஒரு கை பாக்கறீங்களா?"

எனக்கு எப்படிப்பட்ட வீம்பு பாருங்கள். "நான் ஆடு எடுத்துக்கறேன்" என்றேன். ஒருவேளை அக்காவுக்குப் பட்ட கடனைத் தீர்க்கலாம் என்று தோன்றியிருக்கலாம்.

ஆடாதவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். புலிகள் முதலில் மேலே உட்கார்ந்துவிடும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தையும் இறக்கி முடிக்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலி மட்டும் ஒவ்வொரு முறையும் நகரும். பக்கத்தில் ஒரு ஆடு நின்று, அதே கோட்டில் அந்த ஆட்டுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தால், புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து அங்கே போய் உட்காரும். ஆடு அவுட். ஆடு தாண்டாது, வெட்டாது, ஓடவும் ஓடாது. ஒரு நேரத்தில் ஒரு அடி. அதால் முடிந்த ஒரே காரியம், மூன்று புலிகளையும் சூழ்ந்து நின்று நகரவிடாமல் செய்வது.

கொழுந்தனார்தான் புலி. ஒன்று, இரண்டு, மூன்று என்று என் ஆடுகள் கூழுக்குள் போய்க்கொண்டே இருந்தன. ஆறாவது ஆடு போனதும் அந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, நீங்க புலியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. ஆட்டைப் பாக்கவே இல்ல."

"பார்த்துட்டுத்தானேம்மா வைக்கிறேன்?"

"எந்த ஆட்டுக்குப் பின்னால எடம் காலியா கெடக்குன்னு பாருங்க. புலி அங்கதான் வரும். புலிக்குப் பலம் கால்ல இல்ல தம்பி, அந்தக் காலி எடத்துலதான் இருக்குது."

இதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல வந்தேன்.

யோசித்துப் பாருங்கள். புலி ஆட்டின் பக்கத்தில் வந்து நிற்பதால் ஆடு சாவதில்லை. பக்கத்தில் எத்தனை நேரம் நின்று உறுமினாலும், ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு ஆட்டைச் சேர்த்துத் தாண்ட விதியில் இடமில்லை. அப்படியானால் ஒரு ஆடு வெட்டுப்பட்டால் அதற்கு யார் காரணம்? புலியா, பின்னால் நிற்காத ஆடா?

புலிதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். தப்பில்லை, வெட்டியது புலிதானே. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் நமக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது. 'உலகம் அப்படித்தான் சார்' என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்விடலாம். அதுதான் வசதி. நானும் அந்த வசதியில் ரொம்ப நாள் இருந்தவன்.

என் கதையைச் சொல்கிறேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எட்டு பேர் கொண்ட பிரிவு. ஒரு நாள் தணிக்கையில் ஒரு தொகை இடித்தது. ஒரு வவுச்சருக்குப் பின்னால் பில் இல்லை. கையெழுத்துப் போட்டிருந்தவன் எங்களில் சின்னவன், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான். "மேனேஜர் வாயால சொன்னார், அதான் போட்டேன்" என்றான். மேனேஜர், "நான் சொல்லவே இல்லை" என்றார்.

அவர் சொன்னார். சொன்னபோது நான் அடுத்த மேஜையில் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

கண்ணாடி அறைக்குள் அவனை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியாக அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். என்ன கணக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். வெறுமனே தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கை நேரம். காரணங்களுக்கா பஞ்சம்? அன்று சாயங்காலம் அவன் டிபன் பாக்ஸையும் ஒரு பிளாஸ்டிக் கவரையும் எடுத்துக்கொண்டு தனியாக லிஃப்டுக்குப் போனான்.

'பலிகடா' என்ற வார்த்தையை நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். கடா என்றால் ஆடுதானே. பலி கொடுப்பவரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தக் கடாவின் பின்னால் யார் நின்றார்கள் என்று மட்டும் கேட்பதே இல்லை.

மரக்காணத்துக்குத் திரும்புவோம். அடுத்த ஆட்டம் அந்த அம்மா ஆடு, நான் புலி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது என் புலிக்கு எதிரே ஒரு உப்புக்கல்லைக் கொண்டுவந்து வைத்தார். பின்னால் காலி! ஆசையாகப் பாய்ந்தேன். பாய்ந்த இடம் மூலை. அடுத்த இரண்டு நகர்த்தலில் என் புலி அங்கேயே முடங்கிவிட்டது. ஒரு ஆட்டைக் கொடுத்து ஒரு புலியைக் கட்டிவிட்டார்.

"அம்மா, அந்த ஆடு பாவம் இல்லையா? தெரிஞ்சே கொடுத்துட்டீங்களே?"

"கல்லுதான தம்பி" என்று சிரித்தார்.

கல்தான். ஆனால் இந்தக் கேள்வி ஒன்றும் புதுசு இல்லை. இதே வட்டாரத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில், வருடா வருடம் சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. அரவானின் கதை உங்களுக்குத் தெரியும். பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்க வேண்டும் என்றால் சாமுத்திரிகா லட்சணம் முப்பத்திரண்டும் பொருந்திய ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும். அப்படிப் பொருந்தியவர்கள் மூன்றே பேர் என்கிறது கதை: கிருஷ்ணன், அர்ஜுனன், அரவான். முதல் இரண்டு பேரும் போருக்கு வேண்டும். மிச்சம் யார்? சின்னவன். நாக கன்னிக்குப் பிறந்து எங்கோ வளர்ந்தவன். பலி எப்போதும் ஆளைத் தகுதி பார்த்துத் தேடுவதாகச் சொல்லும். கடைசியில் 'யார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்ற கணக்கில்தான் ஆள் மாட்டுகிறான்.

ஆனால் அந்தக் கதையைச் சொன்ன ஜனங்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடவில்லை. அரவானிடம் கேட்டார்கள், அவன் சம்மதித்தான். அவன் செத்த பிறகு அவனுக்காக அழ ஆள் வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்துவிட்டு ஒப்பாரி வைக்கிறார்கள். ஜெயித்தவர்கள் மறந்துபோனவனுக்காக, ஊர் ஒதுக்கி வைத்தவர்கள் அழுகிறார்கள். எங்கள் ஆபீஸில் அந்தப் பையனிடம் சம்மதமும் கேட்கவில்லை, யாரும் அழவும் இல்லை. மறுநாள் யாருக்கோ பிறந்தநாள். கேக் வெட்டினோம்.

நான் ஏதோ யோசனையில் இருப்பதைப் பார்த்துவிட்டோ என்னவோ, அந்த அம்மா தானாகவே ஆரம்பித்தார்.

"கல்லுன்னு சொல்லிட்டன். மனுஷங்களையும் அப்பிடிக் குடுத்திருக்கம் தம்பி."

சில வருடம் முன்னால் நடந்ததாம். கூலி கூட்டிக் கேட்கலாம் என்று பெண்கள் எல்லாரும் பேசி வைத்திருக்கிறார்கள். யார் கேட்பது? வாய்த்துடுக்கான ஒருத்தி, "நான் கேக்கறன்" என்று முன்னால் போனாள். கேட்டாள். மறுநாள் அவளுக்கு மட்டும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"நாங்க பதினோரு பேரு. அவ வரப்புல நின்னா. நாங்க பலகைய எடுத்துக்கிட்டுப் பாத்தில எறங்கிட்டம். திரும்பிப் பாக்கல."

"அப்புறம்?"

"செங்கல் சூளைக்குப் போய்ட்டா. ரெண்டு மாசங் கழிச்சி எங்களுக்குக் கூலி கூட்டினாங்க. அவ கேட்ட கூலி. நாங்க வாங்கனம்."

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு தூக்கைக் கழுவினார்.

அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? உப்பளத்துப் பிழைப்பு என்னவென்று தெரிந்தவர்களுக்கு அது புரியும். தை, மாசியில் பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர் நீரைப் பாய்ச்சி, வெயிலில் காய்ச்சி, அடர்த்தி 25 டிகிரி பாமேயைத் தொட்டால்தான் உப்புப் பூக்கும். சும்மா விட்டாலும் ஆகாது. 29, 30-ஐத் தாண்டிவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசந்துவிடும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் விளைந்தது எல்லாம் கரைந்து போச்சு. ஐப்பசி வந்துவிட்டால் வேலையே கிடையாது. 2022-லிருந்துதான் அரசாங்கம் அந்த மூன்று மாதத்துக்கு நிவாரணம் என்று வருடத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. இந்தப் பிழைப்பில், ஒருத்திக்குப் பின்னால் போய் நிற்பது என்பது வெறும் தைரியம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அடுத்த வேளைக் கூழ் சம்பந்தப்பட்டது.

அதையும் அந்த அம்மாவே பலகையில் காட்டினார். ஒரு உப்புக்கல்லை நகர்த்தி, மாட்டப்போகிற இன்னொரு கல்லின் பின்னால் வைத்தார்.

"இப்ப இது தப்பிச்சிது. ஆனா நா நின்ன எடத்தப் பாருங்க. அது காலியாயிடுச்சி. அங்க எம் புள்ளைங்க நிக்குதுங்க. அவங்களப் புலி அடிக்கும்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீதி சொல்கிற புத்தகங்கள் எல்லாம் 'துணிந்து நில்' என்று நிறுத்திக்கொள்கின்றன. நின்றால் நம் பழைய இடம் காலியாகுமே, அதை யார் நிரப்புவது என்று சொல்வதில்லை. அன்று கால்குலேட்டரைத் தட்டியபோது நானும் இதைத்தான் நினைத்தேன்: எனக்குப் பின்னால் ஒரு மகள் இருக்கிறாள்.

"அப்போ வழியே இல்லையாம்மா?"

"இருக்குதே. நா அங்க நவுந்தா, இன்னொருத்தி என் எடத்துக்கு நவுரணும். ஒருத்தி நவுந்தா ஆவாது. வரிசையா நவுரணும்."

அவ்வளவுதான். பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாம் எல்லாரும் முன்னால் போய்ப் புலியை எதிர்க்கிற ஆளாக முடியாது. அது எல்லாருக்கும் கைவராது, வர வேண்டியதும் இல்லை. அப்படிப் போனவனுக்குப் பின்னால் நிற்பவன் ஒருவன் வேண்டும். அவன் இடத்தை நிரப்புகிறவன் ஒருவன் வேண்டும். வேலை போனவன் வீட்டுக்கு ஒரு மாத அரிசி வாங்கிக் கொடுப்பவன், சாட்சி சொல்கிறவனின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடிக் கொடுப்பவன், இவர்களும் நகர்கிறவர்கள்தான். புலி முகத்தைக்கூட அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆடுகளுக்கு இந்த ஆட்டத்தில் வாய்ப்பே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். நேபாளத்தில் இதற்கு ஒரு சகோதர ஆட்டம் இருக்கிறது, பாக் சால் என்று பெயர். நாலு புலி, இருபது ஆடு, 25 சந்திப்பு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் 2000-களில் அதைக் கணினியில் ஏற்றி முழுசாக அலசிப் பார்த்தார்கள். விடை என்ன தெரியுமா? இரண்டு பேரும் தப்பே செய்யாமல் ஆடினால் யாருக்கும் வெற்றி இல்லை, சமன். பார்த்தால் அநியாயமாகத் தெரிகிற ஒரு ஆட்டம், உள்ளுக்குள் தராசு மாதிரி நிற்கிறது. ஒரு பக்கம் பாய்ச்சல், மறுபக்கம் கூட்டம்.

நம் ஊர் ஆட்டத்தில் இன்னொரு நியாயமும் உண்டு. ஒரு ஆட்டம் முடிந்தால் பக்கம் மாறும். இப்போது புலியாக இருந்தவன் அடுத்ததில் ஆடு. ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர், 1971-ல் வெளியான நீதி பற்றிய தன் புத்தகத்தில் ஒரு யோசனை சொன்னார். ஒரு சமூகத்துக்கு விதி எழுதுகிறவன், அதில் தான் பணக்காரனாகப் பிறப்பானா, ஏழையாகப் பிறப்பானா என்று தெரியாமல் எழுத வேண்டும். அப்போதுதான் விதி நியாயமாக இருக்கும் என்றார். திண்ணையில் பிள்ளைகள் பக்கம் மாறி ஆடும்போது கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார்கள். அடுத்து ஆடாகப் போகிறோம் என்று தெரிந்தவன் விதியை வளைக்க மாட்டான்.

வாழ்க்கையில் சிக்கல் அங்கேதான். இங்கே பக்கம் மாறுவதில்லை. மேனேஜர் மறுநாள் வவுச்சர் எழுத வருவதில்லை. குத்தகைதாரர் மறுநாள் பாத்தி மிதிக்க வருவதில்லை. ஆட்டத்தில் இருக்கிற இரண்டு நியாயங்களில் ஒன்று, பக்கம் மாறுவது, நம் கையில் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான். யாருக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பது.

கிளம்பும்போது கொழுந்தனார், "அடுத்த தடவ வந்தா ஆறு ஆடு குடுக்காதீங்க சார், உப்பு தாங்கல" என்றார். அந்த அம்மா சிரித்தார். பிறகு, நான் வரப்பில் ஏறிய பின்னால், "சூளை திண்டிவனத்துப் பக்கம்தான். ஒரு நாளு போயிப் பாக்கணும்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

உப்புக்கும் விளையாட்டுக்கும் இந்தக் கரையில் பழைய உறவு உண்டு. மரக்காணம்தான் பழைய எயிற்பட்டினம் என்பார்கள். அந்தப் பட்டினத்தைப் பேசும் சிறுபாணாற்றுப்படையில், உப்பு விற்கப் போகும் உமணர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் குரங்கோடு சேர்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆடுவார்கள். கல்லும் முத்தும் விளையாட்டில் ஒரே விலைதான். விளையாட்டுக்கு வெளியேதான் மனிதர்களுக்கு விலை வைத்துவிடுகிறோம்.

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் யோசித்தேன். பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் நம்பர் வாங்கி அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். பையன் என்ன பையன், அவனுக்கும் நாற்பத்தி மூன்று வயதாகிறது. சேலத்தில் சொந்தமாக மருந்துக்கடை. நலம் விசாரித்தான், மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டான். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன். அன்றைக்கு மேனேஜர் சொன்னதை நான் கேட்டேன், சொல்லாமல் இருந்துவிட்டேன், மன்னித்துவிடு என்று.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் யாரோ மாத்திரை கேட்கிற குரல் மட்டும் வந்தது.

"தெரியும் சார்" என்றான். "நீங்க சொல்லியிருந்தாலும் வேலை போயிருக்கும். உங்களுக்கும் சேர்த்துப் போயிருக்கும். அதெல்லாம் எனக்கு அப்பவே புரிஞ்சுது. ஆனா ஒண்ணு சார்... அன்னிக்கு லிஃப்ட் வரைக்கும் யாராவது கூட வந்திருக்கலாம்."

எங்கள் பிரிவிலிருந்து லிஃப்டுக்கு இருபது அடி இருக்கும். அவ்வளவு தூரம்தான் நான் நகர வேண்டியிருந்தது.